கணிதமேதை இராமானுஜனும் எண்கட்டங்களும்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் ஏறத்தாழ அரைமணிப் பயணம். இரவு வேலை முடித்து நூற்பாலைகளினின்று திரும்புவோரும், பள்ளிக்குச் செல்லும் ஆசிரியரும், கல்லூரி மாணவரும் நிறைந்த காலை வண்டியில், செய்தித்தாளை நான்காக மடித்து மடிமேல் வைத்துக்கொண்டு, எண்பத்தொரு கட்டங்களையுடைய ஒரு சதுரத்தை உற்றுநோக்கியிருப்பார் இருவர் மூவரைக் காணலாம். தாளை விடுத்துக் கைப்பேசியில் அதனை நிரப்புவாரும் உளர். சுடோக்கு என்பது அதன் பெயர். வீண்பொழுது என்று அதனை இகழ்வார் பலர். நாம் இகழோம். ஏனெனின், அச்சதுரத்தின் முன் அமர்ந்திருப்பவன், தான் அறியாமலே, நம் நாட்டுக் கணிதமேதை ஒருவர் பள்ளிப் பருவத்தில் ஓடியாடிய முற்றத்திலேயே நிற்கின்றான்.

சுடோக்கு சப்பானியப் பெயர் பூண்டிருப்பினும், இன்றைய வடிவில் அது முதன்முதல் அச்சேறியது 1979ஆம் ஆண்டில் அமெரிக்கப் புதிர் இதழொன்றிலேயாம். 1984இல் சப்பானை அடைந்து அங்கே பெயர் பெற்று, 2004இல் இலண்டன் நாளிதழில் இடம்பிடித்து, அடுத்த ஆண்டிற்குள் உலகெங்கும் பரவியது. நிரைதோறும், நிரல்தோறும், மூன்றுக்கு மூன்றான சிறு சதுரந்தோறும் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றும் ஒருமுறையே வரவேண்டும் என்பதே அதன் விதி. எளிய புதிராயின் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே நிரம்பும். கடினமான புதிரிலோ, பாதி நிரம்பியபின் யாதொரு கட்டமும் வாய் திறவாது. அவ்விடத்தில் கற்றுக்குட்டி ஏதேனும் ஓர் எண்ணை ஊகித்து எழுதுவான், பின்னர் அழிப்பான். வல்லவன் ஊகியான். எக்ஸ்-விங் என்று அவர்கள் வழங்கும் முறையொன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏழு என்னும் எண் ஒரு நிரையில் இரண்டு கட்டங்களில் மட்டுமே வரக்கூடும். வேறொரு நிரையிலும் அதே இரண்டு நிரல்களில் உள்ள கட்டங்களில் மட்டுமே வரக்கூடும் என்க. அந்நான்கு மூலைகளுள் எவ்விரண்டில் ஏழு நிற்கும் என்பது தெரியாது. ஆயினும் அவ்விரு நிரல்களிலும் உள்ள பிற கட்டங்கள் எவற்றிலும் ஏழு வாராது என்பது உறுதியாகிவிடுகின்றது. விடை தெரிவதற்கு முன்பே விடையைப் பற்றிய உண்மையொன்று தெரிந்துவிடுகின்றது! இதனையே மூன்று நிரைகளுக்கு விரித்தால் வாள்மீன் என்பர். பெயர்க்காரணம் ஆராய்வது நம் வேலையன்று.

ஒரு புதிருக்கு விடை காண்பது ஒன்று. அவ்வினத்துப் புதிர்கள் அனைத்திற்கும் வழி காண்பது மற்றொன்று. பின்னதனைப் பிறவிக் குணமாகவே கொண்டிருந்தவர் ஸ்ரீநிவாச இராமானுஜன். அவர் வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். அவற்றுள் எல்லாம் கேம்பிரிட்ஜும் கடிதமும் பெரிதாகவும், கட்டமும் சிலேட்டும் சிறிதாகவும் காட்சியளிக்கின்றன. நாம் அவ்வரிசையைச் சற்றே மாற்றிக்கொள்ள விழைகின்றோம்.

அவர் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயின் பிறந்தகத்தில் தோன்றினார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் துணிக்கடையொன்றில் கணக்கெழுதி வந்தார். அன்னையார் கோமளத்தம்மாள் கோயிலிற் பஜனை பாடுவார். வரும்படி குறைந்த குடும்பம். 1897இல் நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்தில் முதலிடம் பெற்ற சிறுவர், மறு ஆண்டு கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் அடியெடுத்து வைத்தார்.

அப்பள்ளியில் நிகழ்ந்த ஒன்று நம் நோக்கிற்கு மிகவும் இயைந்தது. ஏறத்தாழ 1,200 மாணவரும் முப்பத்தைந்து ஆசிரியரும் உள்ள பள்ளிக்கு, எவ்வகுப்பிற்கு எம்மணியில் எவ்வாசிரியர் என்று பிணக்கின்றி வகுத்துத் தரும் பொறுப்பை மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் அச்சிறுவரிடம் ஒப்படைத்தாராம். ஓர் ஆசிரியர் ஒரே மணியில் இரண்டு அறைகளில் நிற்கலாகாது. ஒரு வகுப்பிற்கு ஒரே மணியில் இருவர் வரலாகாது. இஃது ஒரு நிரையிலும் ஒரு நிரலிலும் ஓர் எண் இருமுறை வரலாகாது என்பதன்றி வேறென்ன? சுடோக்குவின் விதி, அது பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே கும்பகோணத்துப் பள்ளியில் பாட அட்டவணை உருவில் ஒரு மாணவன் கையில் வந்து சேர்ந்திருந்தது. இக்காலத்திலும் பாட அட்டவணை வகுக்கும் ஆசிரியர் படும் பாட்டை அறிந்தவர்கள் இச்செய்தியின் அருமையை உணர்வார்கள்.

அப்பருவத்திலேதான் அவருள்ளம் மாயச்சதுரங்களில் ஈடுபட்டது. நிரையாகக் கூட்டினும் நிரலாகக் கூட்டினும் மூலைக்கு மூலை கூட்டினும் ஒரே தொகை தரும் சதுரமே மாயச்சதுரம். நம் நாட்டில் அது மிகப் பழையது. நாராயண பண்டிதர் 1356ஆம் ஆண்டில் இயற்றிய கணித நூலில் அதற்கென ஒரு பகுதியே உண்டு. செப்புத் தகட்டிற் பொறித்து மந்திரமாகக் கட்டிக்கொண்டவரும் நம்மிடையே இருந்தனர். இராமானுஜனோ அதனை மந்திரமாகக் கொள்ளவில்லை. எவ்வாறு ஆக்குவது என்றே வினவினார். ஒரு சதுரத்தை நிரப்பி மகிழ்ந்து நின்றுவிடவும் இல்லை. எண்களை ஒதுக்கிவிட்டு எழுத்துக்களைக் கொண்டு அதனை அமைத்தார்.

அம்முறையைத் தமிழ் எழுத்துக்களால் காட்டுவோம். அ, ஆ, இ என்பன மூன்று எண்கள்; க, ச, த என்பன வேறு மூன்று எண்கள். முதல் நிரையில் இ+ச, அ+க, ஆ+த என்றும், இரண்டாம் நிரையில் அ+த, ஆ+ச, இ+க என்றும், மூன்றாம் நிரையில் ஆ+க, இ+த, அ+ச என்றும் எழுதுக. எந்நிரையை நோக்கினும் எந்நிரலை நோக்கினும் ஆறு எழுத்துக்களும் ஒவ்வொருமுறை வந்திருக்கும். ஆதலின் தொகை ஒன்றேயாதல் வெளிப்படை. மூலைவரிசைகளும் ஒத்துவர வேண்டுமாயின், ஆ என்பது அ, இ இரண்டிற்கும் நடுவெண்ணாகவும், ச என்பது க, த இரண்டிற்கும் நடுவெண்ணாகவும் இருத்தல் வேண்டும், அவ்வளவே. அ, ஆ, இ என்பவற்றிற்கு 1, 2, 3 என்றும், க, ச, த என்பவற்றிற்கு 0, 3, 6 என்றும் இட்டுப் பார்க்க. 6, 1, 8 என முதல் நிரையும், 7, 5, 3 என இரண்டாம் நிரையும், 2, 9, 4 என மூன்றாம் நிரையும் தோன்றும். எப்பக்கம் கூட்டினும் 15. வேறு எண்களை இட்டால் வேறு சதுரம். ஒரே அமைப்பிலிருந்து எண்ணிறந்த சதுரங்கள்!

இனி, இச்சதுரத்தில் உயிரெழுத்துக்களை மட்டும் தனியே பிரித்து நோக்குக: இ, அ, ஆ, அ, ஆ, இ, ஆ, இ, அ. நிரைக்கு ஒருமுறை, நிரலுக்கு ஒருமுறை. மற்ற மூன்றெழுத்துக்களும் அவ்வாறே. இத்தகைய அமைப்பை ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்துக் கணிதர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆராய்ந்தார். அவர் இலத்தீன் எழுத்துக்களை இட்டு எழுதியமையால் இலத்தீன் சதுரம் என்னும் பெயர் நிலைத்தது. நிரப்பப்பெற்ற சுடோக்கு ஒவ்வொன்றும் ஒன்பதுக்கு ஒன்பதான இலத்தீன் சதுரமே. சிறு சதுரங்களைப் பற்றிய விதி மட்டுமே அதிற் கூடுதல். இராமானுஜனின் மாயச்சதுரம் இரண்டு இலத்தீன் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கூட்டியதாகும். இவை கணித உலகிற்குப் புதியன அல்ல என்பதையும் மறையாது கூறல் வேண்டும். அவருடைய பிற்காலக் கண்டுபிடிப்புக்களின் முன் இவை சிறுபிள்ளைக் கைவேலையே. எனினும் அவர் தம் புகழ்பெற்ற குறிப்பேட்டைத் தொடங்கியபோது முதல் அத்தியாயமாக வைத்தது இதனையே.

பள்ளியின் கடைசி ஆண்டுகளில் கார் என்பவர் தொகுத்த நூலொன்று அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களை நிரல்படத் தந்து, நிறுவல்களைப் பெரும்பாலும் விடுத்த நூல் அது. பிறர்க்கு அது தேர்வுக்குரிய குறிப்பு. இவருக்கோ ஐயாயிரம் புதிர்கள். ஒவ்வொன்றையும் தாமே விடுவிக்கப் புகுந்தவர் மற்றப் பாடங்களைத் துறந்தார். 1904இல் பரிசும் உதவித்தொகையும் பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் தவறி அத்தொகையை இழந்தார். 1905இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்கு ஓடினார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை, மறுமுறை எழுதியும் தேறவில்லை. கணிதமொழிந்த பாடங்களே அவரை வீழ்த்தின. பட்டமில்லை, வேலையில்லை. 1909இல் ஜானகி என்னும் சிறுமியை மணஞ்செய்வித்தனர். தாள் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டில் எழுதி, துணி தேடப் பொழுதின்றி முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றுவார். வழி அழிந்தது; விடை நின்றது. பின்னாளில் அறிஞர் பலர் அவ்வழியைத் தேடி வாழ்நாளைச் செலவிட நேர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

1910இல் திருக்கோவிலூருக்குச் சென்று, இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயரைக் கண்டார். அவர் வழியே சேஷு ஐயரையும், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவையும் அடைந்தார். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துதவினார். 1911இல் சங்கத்தின் இதழில் இராமானுஜன் வாசகர்களுக்குப் புதிரொன்று விடுத்தார். ஒன்றுடன், ஒரு வர்க்கமூலத்தின் இருமடங்கைக் கூட்டி, அம்மொத்தத்தின் வர்க்கமூலம் காண்க, உள்ளிருக்கும் வர்க்கமூலம், ஒன்றுடன் வேறொரு வர்க்கமூலத்தின் மும்மடங்கைக் கூட்டியதன் மூலம், அதனுள்ளே நான்மடங்கு, அதனுள்ளே ஐம்மடங்கு, இவ்வாறு முடிவின்றிச் செல்லும். மதிப்பு யாது? ஆறு திங்கள் கழிந்தும் விடை வரவில்லை. பின்னர் அவரே வெளியிட்டார்: விடை 3.

இதன் உள்ளமைப்பைக் கண்டால் நகைப்பே வரும். 3இன் வர்க்கம் 9. அது 1 உடன் 4இன் இருமடங்கு. 4இன் வர்க்கம் 16. அது 1 உடன் 5இன் மும்மடங்கு. 5இன் வர்க்கம் 25. அது 1 உடன் 6இன் நான்மடங்கு. படிக்குப் படி இறங்கிக்கொண்டே போகலாம். இதற்கு வேண்டியது பள்ளிக் கணக்கேயாயினும், வெளியிலிருந்து உள்ளே நோக்குவார்க்குப் புலப்படாது. உள்ளிருந்து கட்டியவர்க்கே புலப்படும். கடுஞ்சுடோக்கு அமைப்போரும் இவ்வாறே நிரம்பிய சதுரத்திலிருந்து எண்களை நீக்கிக்கொண்டு பின்னோக்கி வருவர்.

1912 மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913 ஜனவரி 16இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் விடுத்ததும், அவரும் லிட்டில்வுட்டும் அதனை ஆராய்ந்து வியந்ததும் யாவரும் அறிந்தன. ஈண்டு நம் ஊர்ப்பக்கத்துச் செய்தியொன்றைக் குறித்தல் தகும். ஹார்டி 1898இல் கேம்பிரிட்ஜ்க் கணிதத் தேர்வில் நான்காமிடம் பெற்றவர். அதே தேர்வில் 1841இல் நான்காமிடம் பெற்ற இராக்லாந்து ஐயர், கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் உறுப்பினர் பதவியுடையராயிருந்தும், நம் நாட்டிற்கு வந்து, வடதிருநெல்வேலியின் கரிசற்காட்டுக் கிராமங்களில் கூடாரமடித்து நற்செய்தி கூறித் திரிந்து, 1858இல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அணித்தாகிய சிவகாசியில் உயிர்நீத்தார். கேம்பிரிட்ஜ்க் கணிதம் கற்றவர் ஒருவர் நம்மிடம் வந்தார். எக்கல்லூரியிலும் தேறாத நம்மவர் ஒருவர் கேம்பிரிட்ஜ் சென்றார். இருவரும் தம் தம் வழியில் உடல்நலத்தை விலையாகத் தந்தவரே.

1914 மார்ச்சு 17இல் இராமானுஜன் கப்பலேறினார். அவ்வாண்டிறுதியில், ஜெர்மானியர் பெல்ஜியத்தின் லுவேன் நகரை எரித்த செய்தி எங்கும் பரவியிருந்த காலத்தில், ஸ்டிராண்டு என்னும் ஆங்கில இதழில் டியூடனி என்பவர் அந்நகரத் தெருவொன்றைக் கருவாக வைத்துப் புதிரொன்று வெளியிட்டார். தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் 1, 2, 3 என எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டிற்கு முன்னுள்ள எண்களின் தொகையும் பின்னுள்ள எண்களின் தொகையும் சமம். வீடுகள் ஐம்பதிற்கு மேல், ஐந்நூறுக்குள். அவ்வீட்டின் எண் யாது? பிற்காலத்தில் புள்ளியியலிற் பெரும்புகழ் எய்திய மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர். சில நிமிடங்களில் முயன்று முயன்று விடையை எட்டிய அவர், அதனை இராமானுஜனுக்குப் படித்துக் காட்டினார். அடுப்பின்மேல் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த இராமானுஜன், கரண்டியை வையாமலே, எழுதிக்கொள்ளுமாறு கூறித் தொடர் பின்னம் ஒன்றைச் சொன்னார். அஃது அவ்வொரு தெருவிற்கு மட்டுமன்று, அத்தகைய தெருக்கள் அனைத்திற்கும் விடை! எப்படித் தெரிந்தது என்று மகலனோபிஸ் வினவியபோது, கேட்டவுடனே விடை தொடர் பின்னமாகவே இருத்தல் வேண்டுமெனத் தெளிந்து, எத்தொடர் பின்னம் எனத் தம்மையே வினவியதாக விளக்கினார்.

இதனை நாமும் சரிபார்க்கலாம். இரண்டின் வர்க்கமூலத்தைத் தொடர் பின்னமாக விரித்தால், அதனை நெருங்கும் பின்னங்கள் முறையே மூன்றின் கீழ் இரண்டு, ஏழின் கீழ் ஐந்து, பதினேழின் கீழ் பன்னிரண்டு, நாற்பத்தொன்றின் கீழ் இருபத்தொன்பது என வரும். மேலெண்ணையும் கீழெண்ணையும் பெருக்குக. 6, 35, 204, 1189. எட்டு வீடுள்ள தெருவில் 6ஆம் வீடு. நாற்பத்தொன்பது வீடுள்ள தெருவில் 35ஆம் வீடு. 288 வீடுள்ள தெருவில் 204ஆம் வீடு. 1681 வீடுள்ள தெருவில் 1189ஆம் வீடு. இதழ் வேண்டியது 204. நாமும் இரயில்வே பீடர் தெருவை மனத்திற்கொண்டு ஆறையும் எட்டையும் கூட்டிப் பார்த்தோம்: 1 முதல் 5 வரை 15, 7உம் 8உம் 15. மகலனோபிஸ் ஒரு கட்டத்தை நிரப்பினார். இராமானுஜனோ, நான்கு மூலைகளில் எதுவென்று அறியுமுன்னரே நிரல் முழுவதையும் தெளிபவன் போல, தெருக்கள் யாவற்றையும் ஒருங்கே கண்டார்.

இத்தகையவர்க்கு விளங்காத புதிரும் ஒன்றிருந்தது. குளிர்காலத்தில் அவர் அறைக்குச் சென்ற மகலனோபிஸ், இரவில் குளிர் தாங்கவில்லை என்று கேள்வியுற்றுப் படுக்கையை நோக்கினார். கம்பளிகள் மெத்தையின் அடியிற் செருகப்பட்டு ஒழுங்காய் இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுத்தல் வேண்டுமென்பதை அறியாத இராமானுஜன், மேலங்கியை அணிந்தவாறே கம்பளிகளின்மேற் படுத்திருந்தார்! நண்பர் கற்றுக்கொடுக்க, நன்றியுடன் கற்றுக்கொண்டார். நகைப்பதற்குரிய செய்தியாயினும், துணையின்றி அயல்நாட்டில் அவர் பட்ட அல்லல் இதனால் விளங்கும். மரக்கறி உணவு, போர்க்காலத் தட்டுப்பாடு, தாமே சமைத்தல், நேரந்தவறிய உண்டி, கடுங்குளிர் இவையெல்லாம் ஒருங்கு சேர்ந்தன.

ஹார்டி அவரிடம் வற்புறுத்தியது நிறுவல் ஒன்றையே. கண்ட உண்மைகள் பெரும்பாலும் சரியாயிருந்தன, சில பிழைத்தன. எது சரி, எது பிழை என்பதைக் காட்டுவது நிறுவலேயன்றி உள்ளுணர்வன்று. தம் உள்ளுணர்வை நாமகிரித் தாயாரின் அருளாக அவர் போற்றினார். சமயத்தால் வேறுபட்ட நாமும் அப்பணிவை மதிக்கின்றோம். 1916இல் ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டமும், 1918இல் இராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும், அவ்வாண்டே டிரினிட்டி கல்லூரி உறுப்பினர் பதவியும் பெற்றார். எப்.ஏ. தேறாதவர் என்பதை மறவாதிருப்போமாக. 1917 முதலே நோய் பற்றியிருந்தது. 1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். உடல் மெலிந்தும் எழுத்து மெலியவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் முற்றிலும் புதிய சார்புகள் சிலவற்றைத் தெரிவித்தார். அவ்வாண்டு ஏப்பிரல் 26இல் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. அகவை முப்பத்திரண்டு. ஜானகியம்மாள் திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து 1994இல் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பிற்கு வந்தன. 1957இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையம் அவற்றை அவர் கையெழுத்தாகவே படமெடுத்து இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. முழங்கையால் அழிக்கப்பட்ட வழிகளை ஒவ்வொன்றாக மீட்டெடுக்க முனைந்த அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட், 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் எழுதினார். அவற்றுள் முதற்றொகுதியின் முதல் அத்தியாயம் மாயச்சதுரங்களைப் பற்றியது.